துண்டை எடுங்கள், தரகரே!

புதன்சந்தைக்குப் போயிருக்கிறீர்களா, தோழர்களே? நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் வழியிலே இருக்கிறது. மாட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு காட்சியைக் காணலாம். காளையை விற்பவர் இந்தப் பக்கம்; வாங்க வந்தவர் அந்தப் பக்கம்; நடுவிலே தரகர். தரகர் தம் தோளிலே கிடக்கும் துண்டை எடுத்து விற்பவர் கைமீது போடுகிறார். துண்டுக்குள்ளே விரல்கள் பேசுகின்றன. ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை. இரண்டு விரலைப் பிடித்தால் இன்னொரு தொகை. பிறகு அதே துண்டு வாங்குபவர் கைமீது விழுகிறது. அங்கேயும் விரல்கள் பேசுகின்றன, வாய் பேசுவதில்லை. விற்பவர் கேட்டது வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் சொன்னது விற்பவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர்தான் தரகர்!

மாட்டோடு போயிருந்தால் மன்னித்துவிடலாம். வாங்கிய காளை நொண்டி என்றால் அடுத்த சந்தையிலே கைமாற்றிவிடலாம். ஆனால் அந்தத் துண்டு மாட்டுச் சந்தையோடு நிற்கவில்லை. மனைச் சந்தைக்கும் வந்துவிட்டது. சேலம் ஐந்து ரோட்டிலே, ஓமலூர்ச் சாலையிலே, திருச்செங்கோட்டுத் தேநீர்க் கடை பெஞ்சிலே, இராசிபுரம் பேருந்து நிலையத்திலே அது விரிந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துண்டு! அதனுள்ளே இப்போது பேசப்படுவது காளையின் விலையல்ல. ஒரு தொழிலாளியின் ஆயுட்காலச் சேமிப்பு!

பேச்சைக் கேளுங்கள்:

"ஏனுங்க தம்பி, எடம் நல்ல எடமுங்க. மெயின் ரோட்டுக்கு அஞ்சே நிமிசம். பஸ் ஸ்டாண்டு வரப்போகுது, காலேஜு வரப்போகுது. இன்னிக்கு விட்டா நாளைக்குக் கெடைக்காதுங்க."

"பத்திரமெல்லாம் சரியா இருக்குதுங்களாண்ணா?"

"அட, என்னங்க தம்பி! உங்கப்பாரு காலத்திலிருந்து பழக்கம். எம்மேல நம்பிக்கை இல்லீங்களா? வெள்ளிக்கெழமை நல்ல நாளு. பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள அட்வான்ஸ் போட்டுருங்க. இல்லாட்டி ஈரோட்டுப் பார்ட்டி தூக்கிட்டுப் போயிருவாரு!"

யார் அந்தத் தம்பி? பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளியாக இருக்கலாம். சங்ககிரியிலே லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம். திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியிலே ஏறி, வடநாடெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போட்டு, மாதக்கணக்கிலே பிள்ளை முகம் பாராமல் உழைத்துத் திரும்பியவராக இருக்கலாம். மனைவியின் தோடு அடகுக் கடையிலே. சீட்டுப் பணம் மடியிலே. "சொந்தமாக மூன்று சென்ட்" என்ற ஆசை நெஞ்சிலே. அந்த மனிதரைப் பார்த்துத்தான் கேட்கிறார் தரகர்: "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

நாமும் கேட்போம். தரகரை நம்பலாமா? அவர் கேட்கும் தரகு அவர் செய்யும் வேலைக்குத் தகுமா?

"தரகனா? திருடன்!" என்று ஒரு சாரார் ஒரே சொல்லிலே முடித்துவிடுகிறார்கள். "தரகர் இல்லாமல் ஒரு சென்ட் நிலமும் அசையாது, கேட்டதைக் கொடு, வந்ததை வாங்கு" என்று இன்னொரு சாரார் கைகட்டி நிற்கிறார்கள். இரண்டு சாராரும் யோசிக்க மறுக்கிறார்கள். உழைக்கும் மக்களின் பக்கம் நிற்கும் நாம் அப்படிப் பேச முடியாது. நம் முடிவு இதுதான்: தரகரின் உழைப்புக்குக் கூலி கொடுப்போம், நம் அறியாமைக்கு அபராதம் கொடுக்க மாட்டோம்!

உழைப்பவரைப் பழியோம்

தரகர் என்றால் தங்கப் பல் கட்டியவர், வெள்ளை வேட்டிக்காரர், காரிலே வருபவர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர்த் தரகர்களிலே பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள்தாம். தறி நின்றுபோனதால் தரகுக்கு வந்தவர். லாரி ஓட்டிக் கண் மங்கியதால் தரகுக்கு வந்தவர். தேநீர்க் கடை நடத்திக்கொண்டே நாலு இடம் சொல்பவர். வெயிலிலே அலைகிறார்கள். பத்துப் பேரை அழைத்துப் போய்க் காட்டினால் ஒருவர் வாங்குகிறார். அந்த ஒருவரும் என்ன செய்கிறார்? இடத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டிலே கேட்டுச் சொல்கிறேன்" என்று போய், மறுநாள் தரகருக்குத் தெரியாமல் நிலக்காரர் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து விலை முடிக்கிறார். அலைந்தவர் வயிற்றிலே ஈரத்துணி! இதுவும் சுரண்டல்தான், தோழர்களே. கூலியை ஏய்ப்பவன் முதலாளியானாலும் குற்றம், தொழிலாளியானாலும் குற்றம்.

நான் பார்த்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். இராசிபுரம் பக்கத்துத் தரகர். என் சித்தப்பா ஓர் இடம் வாங்க முனைந்தார். விலை படிந்துவிட்டது. முன்பணம் பையிலே இருக்கிறது. பெரியவர் விற்பவரைப் பார்த்து மெல்லக் கேட்டார்:

"உங்க கூடப் பொறந்த பொண்ணுங்க எத்தன பேருங்க?"

"ரண்டு பேருங்க. கட்டிக் குடுத்தாச்சு. சீரெல்லாம் குறைவில்லாமச் செஞ்சாச்சுங்க."

"கையெழுத்துப் போட வருவாங்களா?"

விற்பவர் தென்னை மரத்தைப் பார்த்தார். பெரியவர் சித்தப்பா பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டிய எடுங்க. இந்த எடம் வேண்டாமுங்க."

அவ்வளவுதான். அன்று அவருக்குக் கிடைக்கவேண்டிய தரகு போயிற்று. வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார். "முடியாத காரியத்துக்குத் தரகு ஏதுங்க?" என்றார். அந்த இடத்தைப் பிறகு வேறொருவர் வாங்கினார். சகோதரிகள் வழக்குப் போட்டார்கள். வாங்கியவர் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்கு வயது எவ்வளவு தெரியுமா? 1929-இல் செங்கல்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1989-இல், கலைஞர் ஆட்சியிலே தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005-இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்திலே மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, அச்சட்டம் வந்த நாளிலே தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும், "பொண்ணுங்களுக்குச் சீர் செஞ்சாச்சு" என்ற ஒரு வாக்கியத்தாலே அந்த உரிமையை அழித்துவிடலாம் என்று எண்ணுகிறவர் எத்தனை பேர்! அதைக் கேட்டுத் தலையாட்டும் தரகர் எத்தனை பேர்! தலையாட்டுபவர் தரகர் அல்லர். "பெண்கள் எத்தனை பேர்?" என்று கேட்பவர்தான் தரகர். அவருக்கு நூற்றுக்கு இரண்டு கொடுத்தாலும் தகும்.

கணக்குப் போடுவோம்

நம் பக்கத்திலே வழக்கமாகப் பேசப்படும் தரகு நூற்றுக்கு இரண்டு. சில இடத்திலே ஒன்று. இது வழக்கமே தவிர, இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று சட்டம் எந்த அளவையும் வகுக்கவில்லை.

1200 சதுர அடி மனை. அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ட். சதுர அடி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 9,60,000 ரூபாய். நூற்றுக்கு இரண்டு என்றால் தரகு 19,200. நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி வாங்கும் தொழிலாளிக்கு அது 32 நாள் உழைப்பு. சிறிய தொகையல்ல. ஆனால் அலைந்து, ஆராய்ந்து, பத்திரம் முடியும்வரை கூட நின்றவருக்குக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுக் கைகுலுக்கலாம்.

இப்போது துண்டுக்குள்ளே கை போகட்டும்! நிலக்காரரிடம் தரகர் பேசி முடித்தது சதுர அடி 700. உங்களிடம் சொன்னது 800. நடுவிலே சதுர அடிக்கு 100 ரூபாய் மறைந்துவிட்டது. 1200 சதுர அடிக்கு 1,20,000 ரூபாய்! அதோடு விட்டாரா? உங்களிடம் தரகு 19,200. நிலக்காரரிடம் அவருடைய 8,40,000-க்குத் தரகு 16,800. மூன்றையும் கூட்டுங்கள்: 1,56,000 ரூபாய். தொழிலாளியின் கூலியிலே அளந்தால் 260 நாள் உழைப்பு! 32 நாள் எங்கே? 260 நாள் எங்கே? இரண்டுக்கும் நடுவிலே உள்ள 228 நாளுக்குத் தரகர் செய்த வேலை என்ன? ஒன்றே ஒன்று: விற்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியே சந்திக்க விடாமல் பார்த்துக்கொண்டது!

தரகு என்ற பெயரிலே கேட்டால் கூலி. தரகு என்ற பெயரிலே வாங்கிக்கொண்டு, விலையிலேயும் மறைத்து எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

இன்னொரு துண்டும் இருக்கிறது: பத்திர விலை ஒன்று, பேச்சு விலை ஒன்று. "முழுத் தொகையும் பத்திரத்திலே எழுதினா வீணா வரி கட்டணுங்க" என்று நம் நன்மைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக 9 என்பது கனமான சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்திரத்திலே எழுதாத பணத்துக்குச் சாட்சி யார்? நாளைக்கு வில்லங்கம் கிளம்பி, கொடுத்ததைத் திரும்பக் கேட்கும்போது, எழுதிய தொகைதானே தொகை? மிச்சம் கொடுத்ததை யாரிடம் போய்ச் சொல்வது? வரியைக் குறைக்க உண்மையிலேயே உதவ நினைக்கும் தரகர் இன்னொன்றைச் சொல்லியிருப்பார்: 10 இலட்சம் ரூபாய் மதிப்புவரை உள்ள சொத்தைப் பெண்ணின் பெயரிலே பதிந்தால் பதிவுக் கட்டணத்திலே நூற்றுக்கு ஒன்று குறைவு, 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை வந்திருக்கிறது. மனைவி பெயரிலே எழுதுங்கள் என்று சொன்ன தரகர் எத்தனை பேர்? கறுப்பைக் காட்டிக் கொடுக்கும் வாய், சலுகையைச் சொல்ல மறப்பதேன்?

சட்டம் இருக்கிறது, சாவி நம் கையில்

"இதற்கெல்லாம் சட்டம் ஏது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே. இன்று நேற்றல்ல, 1872-இலிருந்தே இருக்கிறது! அந்த ஆண்டு வந்த ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆவது பிரிவு சொல்கிறது: முகவராக இருப்பவர், தம்மை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அந்தக் காரியத்திலே தம் சொந்தக் கணக்கிலே ஆதாயம் பார்த்தால், அந்த ஆதாயத்தை அமர்த்தியவர் கேட்டுப் பெறலாம். 219-ஆவது பிரிவு: வேறு பேச்சு இல்லையென்றால், காரியம் முடிந்த பிறகுதான் கூலி. 220-ஆவது பிரிவு: நாணயம் தவறி நடந்தால், தவறாக நடந்த அந்தக் காரியத்துக்குக் கூலியே கிடையாது!

பிறகு 2016-இலே மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலே 2017-இல் விதிகள் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலே, அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ள திட்டத்திலே விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தம் பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். "கல்லூரி வரப்போகிறது, பேருந்து நிலையம் வரப்போகிறது" என்று பொய் சொல்லி விற்கக் கூடாது. பதிவு இல்லாமல் அங்கே தரகு செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய்வரை தண்டம். நாள் கூடக் கூட, சொத்து விலையிலே நூற்றுக்கு ஐந்துவரை அது ஏறலாம். உடன்படிக்கையைப் பதியாமல் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. குறை இருந்தால் தரகர்மீதே ஆணையத்திலே முறையிடலாம்.

நல்ல சட்டம். ஆனால் அதன் வேலி எதுவரை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வீட்டைக் கைமாற்றுகிறவர், காட்டிலே அரை ஏக்கர் காட்டுகிறவர், தனி மனை ஒன்றைப் பேசி முடிக்கிறவர் – இவர்களெல்லாம் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். நம் தொழிலாளி பெரும்பாலும் வாங்குவது அங்கேதான். அங்கே காவல் நாம்தாம்!

"பத்திரம் பதிவாகிவிட்டதே, இனி என்ன பயம்?" என்று எண்ணுகிறவர்களும் உண்டு. பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதியும் இடம். உரிமையைத் தீர்ப்புச் சொல்லும் இடம் அன்று. விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு விதி ஒன்றைத் தள்ளுபடி செய்தபோது சொன்னது. "பவர் பத்திரம்" மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு சொத்து நம்முடையது என்று இருப்பாரும் உண்டு. அதனாலே உரிமை மாறாது என்று 2011-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் கண்ணை மூடினால் பொதுவாகப் பவரும் கண்ணை மூடிவிடும்.

2016-ஐ மறந்துவிட்டோமா? வயலிலே கல் நட்டு, செம்மண் சாலை போட்டு, வண்ணக் கொடி கட்டி, "மனை, மனை!" என்று கூவி விற்ற காலம். அங்கீகாரம் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலே சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதியக் கூடாது என்று ஆணையிட்டது. முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்திரத்துக்குக் காத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். 2017-இலே வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி வழி தேடிக்கொள்ள வாய்ப்புப் பிறந்தது. கட்டணம் கட்டியது யார்? மனை வாங்கியவர். தரகு வாங்கியவரா திருப்பிக் கொடுத்தார்?

பஞ்சமி நிலத்தையும் சொல்லவேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892-இலே ஆங்கில அரசு ஆணையிட்டு ஒதுக்கிய நிலம் அது. அம்மக்கள் அல்லாத பிறர் வாங்கினால் செல்லாது. தெரியாமல் வாங்கினேன் என்றாலும் செல்லாது. அதை விற்றுக்கொடுப்பவர் இரண்டு ஏழைகளை ஒரே நேரத்திலே ஏமாற்றுகிறார்: நிலத்துக்கு உரியவன் ஒரு ஏழை; பணத்துக்கு உரியவன் இன்னொரு ஏழை.

'நம்ம ஆளு' என்னும் முகமூடி

"உங்கப்பாரு காலத்திலிருந்து பழக்கம்" என்றாரே தரகர், அதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பழக்கம் என்பது பத்திரமா? உறவு என்பது உறுதிமொழியா?

பி.ஏ.சி.எல். என்ற வடநாட்டுக் கம்பெனியை நினைவிருக்கிறதா? நிலம் தருகிறோம் என்று சொல்லித் தவணைப் பணம் திரட்டியது. 2014-இல் செபி என்னும் பங்குச் சந்தை வாரியம் போட்ட ஆணைப்படி, திரட்டிய தொகை 49,100 கோடி ரூபாய்! கட்டியவர்கள் 5 கோடியே 85 இலட்சம் பேர்! தமிழ்நாட்டிலும் கட்டினார்கள். கம்பெனியின் முதலாளியை அவர்கள் பார்த்ததுண்டா? இல்லை. நிலத்தைப் பார்த்ததுண்டா? இல்லை. பார்த்தது யாரை? பக்கத்து வீட்டு முகவரை. கமிஷனுக்காக வந்த அந்த முகவர் அத்தை மகனாக இருந்தார். பள்ளித் தோழனாக இருந்தார். பலர் தாங்களும் கட்டி ஏமாந்தவர்கள். 2016-இலே உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையிலே குழு அமைத்து, நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித்தரச் சொல்லவேண்டிய நிலை வந்தது.

இதிலே நமக்குப் பாடம் என்ன? ஏமாற்று எப்போதும் அந்நியன் முகத்தோடு வருவதில்லை. 'நம்ம ஊரு, நம்ம சனம், நம்ம ஆளு' என்ற முகத்தோடும் வரும். ஆளைப் பார்த்து நம்புவதை விட்டு, ஆவணத்தைப் பார்த்து நம்பக் கற்றுக்கொண்டால், நல்ல தரகரும் பிழைப்பார், நாமும் பிழைப்போம்.

ஜவ்வரிசி சொல்லித் தந்த பாடம்

நடக்குமா இது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நம் சேலம், நாமக்கல் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலைகள் ஒரு காலத்திலே யாரிடம் கைகட்டி நின்றன? வியாபாரிகளிடமும் தரகு மண்டிகளிடமும். அவர்கள் சொன்னதே விலை, கொடுத்ததே பணம். 1981-இலே உற்பத்தியாளர்கள் கூடிச் சேலத்திலே 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சரக்கு சங்கத்தின் கிடங்குக்கு வருகிறது. மாதிரி எடுத்து வைக்கிறார்கள். வியாபாரிகள் பார்த்து விலை எழுதிப் போடுகிறார்கள். அதிகம் எழுதியவர் யார், எவ்வளவு எழுதினார் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. வியாபாரி ஒழிந்துவிட்டாரா? இல்லை. அவரும் இருக்கிறார், இலாபமும் பார்க்கிறார். ஒழிந்தது துண்டு!

நாமக்கல் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இலே அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கிறது, பத்திரிகையிலே வருகிறது. பண்ணைக்காரருக்கும் தெரியும், பெட்டிக் கடைக்காரருக்கும் தெரியும். ஒரு முட்டையின் விலை ஊரறிய இருக்கிறது. ஆயுள் முழுதும் உழைத்து வாங்கும் மூன்று சென்ட் மனையின் விலை மட்டும் ஏன் துண்டுக்குள்ளே இருக்கவேண்டும்?

நல்ல நேரம் பார்த்தோம்; வில்லங்கம் பார்த்தோமா?

தரகரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் நாம் நேர்மையாளர் அல்லர். நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும்.

மனை வாங்கப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? கிழக்கு வாசலா, வடக்கு வாசலா என்று பார்க்கிறோம். ஈசானி மூலையிலே கிணறு வருமா என்று பார்க்கிறோம். ராகு காலம் பார்க்கிறோம், எமகண்டம் பார்க்கிறோம், பல்லி சொல்லுவதைக் கேட்கிறோம். தாய்ப்பத்திரத்தைப் பார்த்தோமா? வில்லங்கச் சான்று பார்த்தோமா? பட்டா யார் பெயரிலே இருக்கிறது என்று பார்த்தோமா? பத்தரை மணிக்கு முன்னே முன்பணம் கொடுத்ததாலே பத்திரத்திலே இருக்கும் ஓட்டை அடைபட்டுவிடுமா? பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம். பத்திரத்தைப் படிப்பதற்கு ஒரு நிமிடம் இல்லை! "அவசரம், ஈரோட்டுப் பார்ட்டி" என்று சொல்லும் தரகருக்கு நம் ராகு காலம்தான் கையாள்!

ஒரு காலத்திலே நிலக் கணக்கு முழுவதும் கர்ணம் வீட்டுப் பெட்டிக்குள்ளே இருந்தது. பரம்பரைப் பதவி, பரம்பரை அதிகாரம். அவர் வாயிலிருந்து வந்ததே கணக்கு. 1980-இலே அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தன. இன்றைக்குப் பதிவுத் துறையின் இணைய தளத்திலே வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். பட்டாவையும் சிட்டாவையும் கைப்பேசியிலே பார்க்கலாம். கர்ணத்தின் பெட்டி நம் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. ஆனாலும் திறந்து பார்க்காமல், "நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று தரகரிடமே நீட்டுகிறோம். பிறகு அவர் அதற்கும் சேர்த்து விலை வைத்தால் அவரை மட்டும் நோவதேன்?

வில்லங்கச் சான்றே முழு வேதம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பதிவான காரியங்களை மட்டுமே அது காட்டும். பதியாத உயிலையும், கையெழுத்துப் போடாத சகோதரியையும் அது காட்டாது. அதற்குத்தான் அக்கம்பக்கத்து விசாரணை. அதற்குத்தான் ஒரு வழக்கறிஞரின் கருத்து. அதற்குத்தான் அந்த இராசிபுரத்துப் பெரியவரைப் போன்ற தரகர்.

நாம் செய்யவேண்டியது

தோழர்களே! ஒவ்வொரு ஊரிலும் நமக்குப் படிப்பகம் உண்டு. காலையிலே நாளேடு படிக்கிறோம். மாலையிலே அரசியல் பேசுகிறோம். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், படித்த இளைஞர் ஒருவர் அங்கே கைப்பேசியோடு உட்காரட்டும். மனை வாங்க இருக்கும் தறித் தொழிலாளியும் லாரித் தொழிலாளியும் சர்வே எண்ணைக் கொண்டுவரட்டும். வில்லங்கத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பட்டாவைப் பார்த்துச் சொல்லட்டும். மனைப்பிரிவு என்றால் ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். பொதுக்கூட்டத்துக்கு மேடை போடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா?

தரகரிடம் நாம் வைக்கும் நிபந்தனையும் எளியதே. விற்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்திலே உட்கார்ந்து விலை பேச வேண்டும். தரகு எவ்வளவு, யாரிடம் வாங்குகிறார், இரு பக்கமும் வாங்குகிறாரா என்பது ஒரு தாளிலே எழுதப்பட வேண்டும். பணம் தரகர் கை வழியாகப் போகாமல் விற்பவர் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். விற்பனை உடன்படிக்கையைப் பதிய வேண்டும். 2012-இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அதைத்தான் சொல்கிறது. தரகு, பத்திரம் முடிந்த அன்று, முழுமையாக, முகமலர்ச்சியோடு கொடுக்கப்பட வேண்டும். கடைசி நிபந்தனை நமக்கு! அலைந்தவர் கூலியைக் குறைத்துப் பேசி, பின்வாசல் வழியே போய் விலை முடிக்கும் வேலையை நாமும் விட்டுவிட வேண்டும்.

இதற்கு ஒப்புக்கொள்ளும் தரகர் நம் தோழர். அவர் கேட்கும் நூற்றுக்கு இரண்டு நியாயமான கூலி. ஒப்புக்கொள்ளாமல், "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று மறுபடியும் கேட்பாரானால், அன்போடு பதில் சொல்லுங்கள்:

"உங்கமேல நம்பிக்கை இருக்குதுங்கண்ணா. அந்தத் துண்டுமேலதான் இல்லை. கொஞ்சம் எடுங்க, பார்ப்போம்!"